எழுபது வயதில் தனியாக இருக்க நினைப்பது பிடிவாதமா?

வந்திருக்கும் கடிதம் நீளமானது. எழுதியவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு எழுபது வயது. மதுரை திருநகர் பக்கம் சொந்த வீடு. தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. மகன் பெங்களூரில், மகள் திருப்பூரில். பதினைந்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை, அப்புறம் பிரஷருக்கும். சமையல், வங்கி, கருவூலத்தில் ஓய்வூதிய நேர்காணல் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்கிறார். சாயங்காலம் தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். பௌர்ணமி தோறும் தோழிகளோடு திருப்பரங்குன்றம் கிரிவலம்.

ஆறு மாதமாகத்தான் சிக்கல். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்ததில் இரண்டு முறை பாத்திரம் கரிந்துவிட்டது. பழகியவர்கள் பெயர் சட்டென்று நாக்கில் வருவதில்லை. போன மாதம் ஒரு கிருத்திகை இரவு பாத்ரூம் போக எழுந்தவர் தடுமாறி விழுந்ததில், தலை சுவரில் மோதியிருக்கிறது. பிள்ளைகளிடம் அவர் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் சொல்லிவிட்டார். மகன் ஓடி வந்து ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே இருந்த மருத்துவர் இவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் மகனிடமே பேசி, "வயசாச்சுல்ல, இனிமே தனியா விடாதீங்க" என்று அனுப்பிவிட்டாராம்.

இப்போது மகன், வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூருக்கு வரச் சொல்கிறார். "வயசுக்கேத்த பக்குவம் வேணும்மா" என்கிறார். "பிள்ளை கூப்பிடும்போது கிளம்புறதுதான் பெரியவங்களுக்கு அழகு" என்பது நாத்தனாரின் கருத்து. வாசகி கேட்பவை மூன்று: என் அம்மாவுக்கு வந்த மறதி நோய் எனக்கும் தொடங்கிவிட்டதா? போக மாட்டேன் என்பது என் வீம்பா? பிற்பாடு சண்டை வராமலிருக்க வீட்டை இப்போதே மகன் பெயருக்கு எழுதிவிடட்டுமா? கடைசியாக ஒரு வரி: "இந்த வயதில் விழுவதும் மறப்பதும் இயற்கைதானே டாக்டர், இதற்கெல்லாம் டெஸ்ட் எதற்கு?"

அன்புள்ள டீச்சரம்மா,

அந்தக் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். எழுபது வயதில் ஒருவர் விழுந்தால் அதற்குக் காரணம் இருக்கும். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கும். அவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். "வயசாச்சு" என்று சொல்லிவிட்டால் தேடுவது அங்கேயே நின்றுபோகிறது. உங்களைப் பார்த்த மருத்துவர் அதைச் சொன்னார், மகனும் சொல்கிறார். நீங்களும் அதையே சொல்வதுதான் எனக்குக் கவலை.

அவசரமானது ஒன்று இருக்கிறது. தலையில் அடிபட்டிருக்கிறது. நீங்கள் அனுப்பிய மாத்திரைச் சீட்டில் ஆஸ்பிரினும் இருக்கிறது. வயதானவர்களுக்குத் தலையில் மோதிய பிறகு மூளையைச் சுற்றி ரத்தம் மெதுவாகக் கசிந்து சேர்வதுண்டு. அது தெரியவரச் சில வாரங்கள்கூட ஆகலாம். விடாத தலைவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், நடையில் ஒரு பக்கம் சாய்வது, பேச்சுக் குழறுவது என்று எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், தலைக்கு சி.டி. ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், விழுந்த விவரத்தை உங்கள் வழக்கமான மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

அந்தக் கிருத்திகை இரவு

கடிதத்தைப் படித்து நோய் இன்னதென்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதையும் அந்தச் சீட்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குச் சில சந்தேகங்கள் வருகின்றன.

அன்றைக்கு விரதம். பகலில் பாலும் இரண்டு வாழைப்பழமும்தான், ராத்திரி ஒன்றுமே இல்லை. "ஆனாலும் மாத்திரையை விடவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சீட்டில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் இருக்கிறது. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரை அளவு அபாயமாக இறங்குவது அரிது. கிளிமிபிரைடு அப்படி இல்லை. அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா, விரதமா என்பது அதற்குத் தெரியாது. சாப்பிடாத இரவில் சர்க்கரை இறங்கினால் வியர்வை, நடுக்கம், தலைச்சுற்றல் வரும்; வயதானவர்களுக்குச் சில சமயம் வெறும் குழப்பமும் தடுமாற்றமும் மட்டும் வரும். உங்கள் விரதத்தைக் குறை சொல்லவில்லை. விரத நாளில் எந்த மாத்திரையை எவ்வளவு எடுப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

இரண்டாவது, பிரஷர் மாத்திரை. உட்கார வைத்து பிரஷர் பார்த்தால் மட்டும் போதாது. ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, எழுந்து நின்றதும் ஒரு தடவை, மூன்று நிமிடத்தில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். மேல் அளவு 20 புள்ளிக்குக் குறையாமல் இறங்கினால், ராத்திரி படுக்கையை விட்டுச் சட்டென்று எழும்போது கண் இருட்டி விழுவதற்கு அது போதும்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. கணவர் இறந்த சமயத்தில் ஒரு மாதத்துக்கென்று எழுதித் தந்த அல்பிரசோலம் தூக்க மாத்திரையை, அதே பழைய சீட்டைக் காட்டி நான்கு வருடமாக வாங்கிச் சாப்பிடுகிறீர்கள். கூடவே அரிப்புக்கு அவ்வப்போது அவில். இரண்டுமே முதியவர்களுக்குக் கூடுமானவரை தவிர்க்க வேண்டிய மாத்திரைகள். மறதி, பகல் மந்தம், கால் தடுமாற்றம் மூன்றையும் இவை உண்டாக்கும். பால் பாத்திரம் கரிந்தது இரண்டு முறையும் காலையில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். முந்தைய இரவு மாத்திரையின் கலக்கம் அதில் இருந்திருக்கலாம். இதைப் படித்ததும் தூக்க மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீண்ட நாள் எடுத்ததைத் திடீரென்று நிறுத்தினால் பதற்றமும், சிலருக்கு வலிப்பும்கூட வரலாம். மருத்துவர் துணையோடு வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

மறதி

பெயர் மறந்து, அரை மணி கழித்துத் தானாக நினைவுக்கு வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும் அப்படித்தான். பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் நான்கு தடவை கேட்பது, ஓய்வூதியக் கணக்கு பிடிபடாமல் போவது, குணமே மாறிவிட்டது என்று மற்றவர்கள் சொல்வது போன்றவைதான் எச்சரிக்கைகள். பேருந்து மாறிக் கருவூலத்துக்குப் போய் வருகிறவர், பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லித் தருகிறவர் நீங்கள். நல்ல அறிகுறிதான். ஆனால் அதை வைத்து மட்டும் ஒன்றும் இல்லையென்று முடிவு கட்டவும் கூடாது.

பரிசோதனை செய்யச் சொல்வது இதற்காகத்தான். பல வருடம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவது வழக்கமாகப் பார்ப்பது. பி12 குறைந்தால் மறதியும் வரும், பாதத்தில் உணர்வு மங்கி நடையும் தடுமாறும். தைராய்டு, ரத்தசோகை, ரத்தத்தில் உப்பு (சோடியம்) அளவு மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். கூடவே பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும் ஒரு நினைவாற்றல் சோதனை. டி.வி. சத்தத்தை அதிகம் வைப்பதாக மகன் கோபித்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் காதையும் சோதிக்கச் சொல்கிறேன். காதில் சரியாக விழாத பெயரை மூளை எப்படி நினைவில் வைக்கும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். கணவர் போன பிறகு எதிலும் பிடிப்பில்லாமல், விடியற்காலையிலேயே விழித்து, சாப்பாடு ருசிக்காமல் இருக்கிறீர்களா? மனச்சோர்வு வயதானவர்களிடம் அழுகையாக வெளிப்படாமல் மறதியாக வெளிப்படுவதுண்டு. அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு மறதி நோய் வந்தது எண்பது வயதுக்கு மேல். பெற்றோருக்கு இருந்தால் வாய்ப்பு ஓரளவு கூடும், அவ்வளவுதான். அது எழுதி வைத்த விதி கிடையாது. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் மறதி நோய்க்கு வழிவிடும் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைக் கவனித்தால் உலக அளவில் 45 சதவீதம் வரை மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணிப்பு. சர்க்கரை, பிரஷர், காது கேளாமை, கண்பார்வைக் குறை, உடலுழைப்பில்லாமை, தனிமை எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவை. கண்புரை இருந்தால் தள்ளிப் போடாதீர்கள். அதற்கு மதுரையில் இருப்பவர் எங்கும் அலைய வேண்டியதில்லை.

மதுரையில் கண் என்றதும் நினைவுக்கு வருபவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளம் வயதிலேயே மூட்டுவாதம் வந்து அவர் விரல்கள் வளைந்துவிட்டன. எனக்கு ஒன்றுமில்லை என்று அவர் மறைக்கவில்லை, இனி முடியாது என்று ஒதுங்கவும் இல்லை. பிரசவ மருத்துவராகும் எண்ணத்தை விட்டு, கண் மருத்துவத்துக்கு மாறினார். தன் விரல்களுக்கு ஏற்ற கருவிகளை வைத்துக்கொண்டு அறுவைச் சிகிச்சை செய்தார். வயதானவர்களின் பக்குவம் என்று நான் நம்புவது இதைத்தான். உடம்பில் எது போய்விட்டது என்று கண் திறந்து பார்ப்பதும், மிச்சமிருப்பதை வைத்து எப்படி நடத்துவது என்று தானே முடிவெடுப்பதும்.

மகன் சொல்வதில் எது சரி

இப்படிப் பார்த்தால் உங்கள் பக்கம் ஒரு தவறு இருக்கிறது, டீச்சரம்மா. நீங்கள் விழுந்ததை மறைத்தீர்கள். சொன்னால் அழைத்துப் போய்விடுவார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. மகன் இடத்திலிருந்தும் பாருங்கள். அவர் இனி ஒவ்வொரு முறை போனில் "நல்லாயிருக்கேம்ப்பா" என்று நீங்கள் சொல்லும்போதும் சந்தேகப்படுவார். தனியாக இருக்கும் உரிமையைக் காப்பாற்றத்தான் மறைத்தீர்கள். அந்த உரிமைக்கு அதிகச் சேதம் செய்தது அந்த மறைப்புதான்.

அதற்காக, பெரியவர்கள் பக்குவம் என்றால் பிள்ளை சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது என்ற உங்கள் நாத்தனாரின் கணக்கை நான் ஏற்கவில்லை. எங்கே வாழ்வது என்பது உங்கள் முடிவு. நல்லது கெட்டது தெரிந்து முடிவெடுக்கும் நிலையில் நீங்கள் இருக்கும்வரை, உங்களைவிட யாருக்கும் அதில் அதிக உரிமை கிடையாது. ஒரு ஆளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு எத்தனை வருஷமா சுகர்?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கும் பழக்கம் எங்கள் தொழிலில் இன்னும் இருக்கிறது. அது தவறு. அடுத்த முறை, "என்கிட்டயே கேளுங்க டாக்டர், எனக்குக் காது கொஞ்சம் மந்தம், நிதானமாச் சொல்லுங்க" என்று சொல்லிவிடுங்கள். மகன் உடன் வருவது நல்லதுதான். பேச வேண்டியவர் நீங்கள்.

பெங்களூர் போவதையும் நேர்மையாக எடைபோட வேண்டும். அங்கே போனால் பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ராத்திரி ஒரு குரல் கொடுத்தால் ஆள் வரும். சின்ன விஷயங்களில்லை இவை. ஆனால் மகனும் மருமகளும் காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் திரும்ப எட்டாகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் "தனியா விடாதீங்க" என்பது அங்கே நடக்கப் போவதில்லை. பதினோராவது மாடியில், பழகாத சமையலறையில், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன மொழி பேசுவது என்று தெரியாமல் பதினோரு மணி நேரம் இருப்பீர்கள். இங்கே விழுந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் வந்தாரே, அங்கே யார் வருவார்கள்? இந்தக் கேள்வியை மகனிடம் கோபமில்லாமல் கேளுங்கள்.

நடுவழிகளும் இருக்கின்றன. வீட்டைப் பூட்டி வைத்துவிட்டுப் பள்ளி விடுமுறையில் ஒரு மாதம் அங்கே இருந்து பார்க்கலாம். பிடித்திருந்தால் நீட்டிக்கலாம். விற்றுவிட்டுப் போனால் திரும்ப இடமிருக்காது என்பதால் விற்பனைப் பேச்சு இப்போது வேண்டவே வேண்டாம். இங்கேயே இருப்பதென்றால், காலியாகக் கிடக்கும் மாடி போர்ஷனைத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடுங்கள். வாடகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, மேலே ஒரு நடமாட்டம் இருக்கும். ராத்திரி மட்டும் துணைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்வதும் ஒரு வழி.

வீட்டில் செய்ய வேண்டியவை

பாத்ரூம் சுவரில் கைப்பிடி பதியுங்கள். துண்டு மாட்டும் கம்பி ஆள் எடையைத் தாங்காது. அதற்கென்றே வரும் எஃகுப் பிடியைச் சுவரில் துளையிட்டுத் திருகாணியால் இறுக்கிப் பதிக்க வேண்டும். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு. வழுக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். பாலுக்கு, நேரம் வைத்தால் தானாக அணையும் இண்டக்‌ஷன் அடுப்பு போதும். செல்போன் இரவில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாசல் சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.

கால் வலுவும் முக்கியம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை, முன்னால் ஒரு மேசை இருக்கும்படி வைத்துக்கொண்டு, தினம் இருவேளை முடிந்த அளவு செய்யுங்கள். "வயசாச்சு, ரெண்டு இட்லி போதும்" என்று இருந்தால் தசை கரையும். பயறு, பருப்பு, தயிர், சாப்பிடுவீர்களானால் முட்டை என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது புரதம் இருக்கட்டும். சிறுநீரகத்தில் பிரச்சினை இருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிரிவலத்தை விட வேண்டாம். பின்பட்டி உள்ள செருப்பு போட்டு, சாப்பிட்ட பிறகு, தோழிகளோடு போங்கள். கோயிலை ஒட்டிச் செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்களில் மட்டும் நிதானம். சர்க்கரை உள்ளவர்கள் வீட்டுக்கு வந்ததும் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும்.

வீட்டை எழுதி வைப்பது

இது என் தொழில் இல்லை; ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும். ஆனால் வயதானவர்களைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு இந்த விஷயம் அடிக்கடி காதில் விழும், அதனால் அடிப்படையைச் சொல்கிறேன். உயிலும் செட்டில்மெண்டும் ஒன்று என்று நினைக்கிறீர்கள். செட்டில்மெண்ட் பத்திரம் பதிவானதும் வீடு மகனுடையதாகிவிடும். மனம் மாறினால் நீங்களாகப் போய் ரத்து செய்துவிட முடியாது. உயில் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டால் உயில் செல்லும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது.

எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளைகள் கவனிக்காவிட்டால் என்ன செய்வது? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் 23-ஆவது பிரிவு அதற்காகத்தான். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருந்தால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து, அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகவே தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. சட்டம் துணைக்கு இருப்பது வேறு. எழுபத்தைந்து வயதில் கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் காத்திருப்பது வேறு. உங்கள் மகன் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தில் அவர் வீட்டைக் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. கேட்காததை ஏன் கொடுக்கப் பார்க்கிறீர்கள்? சண்டையைத் தவிர்க்க என்கிறீர்கள். வீடு உங்கள் சம்பளத்தில், உங்கள் பெயரில் கட்டியது. உயிலே எழுதாவிட்டால் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. ஒருவருக்கே எழுதினால்தான் சண்டைக்கு வாய்ப்பு அதிகம். இன்னாருக்கு இவ்வளவு என்று நீங்கள் நினைப்பதை, தலை தெளிவாக இருக்கும் இந்த வருடமே உயிலாக எழுதிவிடுங்கள். சட்ட விவரமோ வேறு உதவியோ வேண்டுமென்றால் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம்.

மகனிடம் எப்படிச் சொல்வது

பரிசோதனை முடிவுகள் வந்த பிறகு நீங்களே போன் செய்யுங்கள். விழுந்ததை மறைத்தது தவறு, இனி மறைக்க மாட்டேன் என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் மருத்துவர் சொன்னது, மாற்றிய மாத்திரை, பதித்த கைப்பிடி எல்லாவற்றையும் சொல்லுங்கள். கடைசியாக, எந்த நிலை வந்தால் நீங்களே கிளம்பிவிடுவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். இத்தனைக்கும் பிறகு இன்னொரு தடவை விழுந்தால், பழகிய இடத்தில் வழி தெரியாமல் நின்றால், பணக் கணக்கு கைமீறினால் என்று ஒரு நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி பேசலாம் என்று சொல்லுங்கள். நடுராத்திரியில் போன் வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் அவர் பக்குவம் அது இதென்று பேசுகிறார். கையில் ஒரு ஏற்பாடு இருந்தால் அந்தப் பயம் கொஞ்சம் தணியும். அப்போதும் அவர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதற்காக உங்கள் முடிவு தவறாகிவிடாது. ஒரு மாதம் வந்து இருந்து பார்க்கிறேன் என்ற பேச்சை அப்போது எடுங்கள்.

அந்தப் பேச்சில் மகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து பக்கக் கடிதத்தில் அவர் பெயர் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. திருப்பூர் பெங்களூரைவிடப் பக்கம். அவர் என்ன நினைக்கிறார் என்று இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.